நாற்காலி அளவு

மார்ச் 2, திங்கள், மாலை
160-ஆம் கல்லை ஒட்டிய சத்திரம்

வீட்டுக்குக் காவலிருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

ஆண்டவன் துணையால் முதல் நாள் முடிந்தது. ஊர் எல்லையில் 180-ஆம் கல்லில் கை வைத்துப் புறப்பட்டவர்கள் 160-இல் வந்து விழுந்திருக்கிறோம். நடந்த தூரம் இருபது கிலோமீட்டர், கை வைத்த கல் இருபத்தொன்று. இந்த வித்தியாசம் என்னோடு வந்த மூன்று பேருக்கும் கடைசி வரை புரியவில்லை. முப்பது வருடம் சங்கிலி பிடித்து நிலம் அளந்த உங்களுக்குப் புரியும்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வயிற்றில் தையலோடு கிடந்தபோது நான் நேர்ந்துகொண்டது, நேர்ந்துகொண்டபடியே நடக்கிறது. மலைக்கோயில் வரைக்கும் நடை. வழியில் ஒவ்வொரு கல்லிலும் கை வைத்து, உங்கள் பெயரைச் சொல்லி ஒரு வேண்டுதல், நோட்டில் ஒரு புள்ளி. மேற்படி புள்ளிகள் இருபத்தொன்றும் சரியாக இருக்கின்றன.

மற்றதெல்லாம் அசிங்கம். எழுதவே கை கூசுகிறது, ஆனால் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? எனக்குக் கிடைத்த தலையணையில் எனக்கு முன்னால் படுத்தவருடைய எண்ணெய்த் தலை அப்படியே அச்சாகியிருக்கிறது. ஒரு காது கூடத் தெரிகிறது. குளியலறைச் சாக்கடை வாயில் அடைத்திருந்த முடியைப் பார்த்துப் பூனை செத்துக் கிடக்கிறது என்று நினைத்துக் கத்திவிட்டேன். கூட வந்த தையல்காரி தன் காலுறைகளைக் கழற்றித் தண்ணீர்க் குடத்தின் கழுத்திலேயே காயப்போட்டிருக்கிறாள். கேட்டால், "குடத்துக்கு வெளியிலதானடி தொங்குது, உள்ள இல்லியே" என்கிறாள். டீச்சர் ரிட்டயர் ஆகி ஆறு வருடம் ஆகிறது, இன்னும் எங்களை வரிசையில்தான் நடக்கவைக்கிறார். அவர் சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே கால் நகம் வெட்டினார். ஒரு நகம் துள்ளி வந்து என் ரொட்டியில் விழுந்தது. அந்த ரொட்டியை நான் தொடவில்லை. எங்களோடு வரும் கரண்டிதான் அதை எடுத்து, தட்டிவிட்டு, தின்றுவிட்டாள்.

கரண்டியை உங்களுக்கு நினைவிருக்கும். ஆஸ்பத்திரி கேன்டீனில் பதினெட்டு நாளும் எனக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றியவள். வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிடுவதில்லை. நான் வைத்த பெயர்தான், பிடித்துப்போய்விட்டது.

171-ஆம் கல்லில் ஒரு சின்னச் சண்டை. கல் சாலைக்கு அந்தப் பக்கம், முள்ளுக்குள் இருந்தது. தையல்காரி, "இங்க இருந்தே கண்ணால தொட்டுக்கோயேன், சாமி என்ன டேப் வெச்சுக்கிட்டா நிக்கிறாரு?" என்றாள். நான் சொன்னேன்: "எங்க வீட்டுக்காரர் ஆபீசுல இதுக்கு ஒரு பேர் உண்டு. நிலத்துல கால் வைக்காம, நாற்காலியில உக்காந்துக்கிட்டே நீளம் அகலம் எழுதுறவனுக்கு நாற்காலி அளவுக்காரன்னு பேரு. அதைவிடப் பெரிய கெட்ட வார்த்தை எங்க வீட்டுல கிடையாது." இடுப்பளவு சேற்றில் இறங்கி அளந்த மனிதரின் பெண்டாட்டி, முள்ளுக்குப் பயப்படுவேனா? போய்க் கை வைத்துவிட்டுத்தான் வந்தேன். முழங்கையில் இரண்டு கீறல்.

கைபேசியை உங்களிடம் விட்டுவிட்டு வந்தது நல்லதாயிற்று. இவர்கள் மூவரும் சார்ஜ் போடும் ஓட்டைக்கு அடித்துக்கொள்கிறார்கள். நம் தெரு ரொட்டி வண்டிக்காரர் தினமும் இந்தச் சாலையில்தான் போய்வருகிறார். கடிதத்தை அவரிடம் கொடுக்கிறேன். நீங்களும் அவரிடமே கொடுத்தனுப்புங்கள்.

டாக்டர் சொன்னபடி தெருமுனை வரைக்குமாவது தினம் நடங்கள். மருந்து டப்பா அடுப்படி மேல் தட்டில், இடது ஓரம்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கு


மார்ச் 3, செவ்வாய், மாலை
வீடு

என் கணக்குப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை, இங்கே எனக்குச் சுத்தமான தலையணை இருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தோடு மத்தியானம் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

காலையில் முட்டை பொரித்தேன். முட்டை போய்விட்டது, சட்டியும் போய்விட்டது. சட்டியை நீ வருவதற்குள் தேய்த்து வைக்கிறேன். கறுப்பு போகாவிட்டால் தொலைந்துபோனது என்று எழுதிக்கொள்.

தெருமுனை வரை நடந்தேன். போகிறவன் வருகிறவன் எல்லாம், "உங்களுக்காகத்தான் அம்மா நடக்கிறாங்களாமே" என்கிறார்கள். சலூன்காரன் கத்தரிக்கோலோடு வெளியே வந்து கேட்டான். நாளையிலிருந்து பின்வாசல் பக்கமாக நடக்கலாமென்று இருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கால் கெட்டுப்போனால் பிடிவாதம் பிடிக்காதே. தையல்காரி வாயாடியானாலும் நாலும் தெரிந்தவள், அவள் சொன்னபடி கேள். ஆண்டவன் பின்னாலேயே வந்து அளவைச் சரிபார்க்கிற மேலதிகாரி இல்லை. மனசு போய்ச் சேர்ந்தால் அவருக்குப் போதும்.

மருந்து வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

உன் சங்கிலிக்காரன்


மார்ச் 5, வியாழன், காலை
127-ஆம் கல்லை ஒட்டிய சத்திரம்

என் வீட்டுக்காரருக்கு,

முதலில் பயப்படாதீர்கள். காய்ச்சல் விட்டுவிட்டது.

செவ்வாய்க்கிழமை பதினாறு கிலோமீட்டர் நடந்து 144-இல் தங்கினோம். அந்தச் சத்திரத்தைப் பற்றி எழுதமாட்டேன். கழிவறைக்குக் கதவுக்குப் பதில் ஒரு சாக்கு, அந்தச் சாக்கில்தான் எல்லோரும் கை துடைத்திருக்கிறார்கள். போதும்.

என் பாதத்தில் கொப்புளம் ஏழு. வலதில் நான்கு, இடதில் மூன்று. வலது குதிகாலில் உள்ளது உடைந்து, காலுறையோடு ஒட்டி, உரிக்கும்போது தோலும் கூடவே வந்தது. நாற்றம் எனக்கே தாங்கவில்லை. ஒரு மனுஷிக்குள் இவ்வளவு அழுக்குத் தண்ணீர் இருக்குமா என்று அதிசயமாக இருந்தது.

நேற்றுப் புதன்கிழமை காலை, மூன்று கிலோமீட்டர்தான். 141-ஆம் கல்லில் கை வைக்கும்போதே உடம்பு நடுங்கியது. ஒரு மரத்தடியில் உட்காரவைத்தார்கள். தையல்காரி காய்ச்சல் மாத்திரை என்று ஒன்று கொடுத்தாள். கண்ணைத் திறக்க முடியாமல் அப்படியே விழுங்கினேன். பிறகு குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அதுவும் கசந்தது, காய்ச்சல் வாய் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் எனக்கு ஒன்றுமே நினைவில்லை.

கண் விழித்தால் சாயங்காலம், இந்தச் சத்திரம். தையல்காரி சொல்கிறாள், "ஆளுக்கொரு கையைப் பிடிச்சுக்கிட்டு உன்னை நடத்தியே கூட்டிட்டு வந்துட்டோம்டி. நீ பாட்டுக்குக் கண்ணை மூடிக்கிட்டு நடந்தே." 140-இலிருந்து 127 வரை பதினான்கு கல். ஒவ்வொன்றிலும் என் கையைத் தூக்கி அவர்களே வைத்தார்களாம், என் காதில் உங்கள் பெயரைச் சொன்னார்களாம். டீச்சர் என் நோட்டை வாங்கிக் குறித்தும் வைத்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு நகத்துக்காக இவரைப் பற்றி என்னவெல்லாம் எழுதிவிட்டேன்! அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

கரண்டி மட்டும் விளக்கு வைத்த பிறகுதான் வந்து சேர்ந்தாள். வழியில் மழையாம், முழங்கால் வரை சேறு. யாரோடும் பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. அவளுக்கும் காய்ச்சல் வருகிறதோ என்னவோ.

என் தலையெல்லாம் வெள்ளை வெள்ளையாக உதிர்கிறது. இரண்டு நாள் குளிக்காததற்கு இவ்வளவு பொடுகா? சீ என்று இருக்கிறது. வெந்நீர் கிடைத்தால் முதல் வேலை அதுதான்.

உங்கள் கணக்கு


மார்ச் 5, வியாழன், இரவு
வீடு

என் கணக்குப்பிள்ளைக்கு,

காய்ச்சலோடு பதினான்கு கல்! என் ஆபீசில் இப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் பாதி மாவட்டத்தை ஒரு வருடத்தில் அளந்து முடித்திருப்போம். நீ பொல்லாதவள்.

உன் சிநேகிதிகளுக்கு நான் நன்றி சொன்னேன் என்று சொல். டீச்சரின் நகத்துக்கும் சேர்த்து.

இனி அதைத் தோண்டிக்கொண்டு இருக்காதே. நடந்தது நடந்ததுதான், நோட்டில் ஏறியது ஏறியதுதான். இரண்டு நாள் படுத்து ஓய்வெடு. சத்திரத்துத் தலையணையில் உன் முந்தானையை விரித்துப் படு. கால் ஆறாவிட்டால் வண்டிக்காரரிடம் சொல், திரும்பி வந்துவிடு. யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். மேற்கொண்டு நடந்தே தீருவேன் என்றால் நான் தடுக்கப்போவதில்லை. தடுத்தால் நிற்கிற ஆளா நீ?

சட்டி தொலைந்துபோய்விட்டது.

உன் சங்கிலிக்காரன்


மார்ச் 6, வெள்ளி, காலை
127-ஆம் கல்

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தோண்டாதே என்று எழுதியிருக்கிறீர்கள். நான் தோண்டவில்லை. தானாக மேலே வருகிறது.

இன்று காலை ஆண்டவனைக் கும்பிட்டுவிட்டுக் காலைப் பார்த்தேன். கொப்புளம் ஏழு. செவ்வாய்க்கிழமை இரவும் ஏழு. முப்பத்தாறு கிலோமீட்டருக்கு ஏழு கொப்புளம் போட்ட இதே கால், அடுத்த பதினான்குக்கு ஒன்று கூடவா போடாது? காலணியை எடுத்துப் பார்த்தேன். கரண்டியுடையது சேற்றில் ஊறி நாறிக்கொண்டிருக்கிறது. என்னுடையது தூசியாக இருக்கிறது. தையல்காரியுடையதும் டீச்சருடையதும் கூடத் தூசிதான்.

தலையிலிருந்து உதிர்ந்ததை விரலில் எடுத்துத் தேய்த்தேன். பொடுகு அல்ல. மாவு.

அப்புறம் நோட்டு. நான் வைப்பது புள்ளி. டீச்சர் போட்டிருப்பது டிக், வால் நீண்டு மேலே ஏறுகிற பரீட்சை டிக். பதினான்கும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டர் நடந்தவரின் கை இப்படிப் போடாது. நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள், பொட்டலம் கட்டி வந்த காகிதங்களை வைத்து எழுத்துக் கற்றவள். என் வாழ்நாளில் எந்த வாத்தியாரும் எனக்கு ஒரு டிக் போட்டதில்லை. முதல் முதலாகப் பதினான்கு கிடைத்திருக்கிறது. அந்தப் பக்கத்தை மடித்து மூடிவிட்டேன்.

இன்னும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. உங்களிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். அடுப்படி மேல் தட்டில் மருந்து டப்பாவில், உங்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மஞ்சள் தூக்க மாத்திரை மிச்சம் இருந்தது. எத்தனை இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். கண்ணால் பார்த்து, கையால் எண்ணி.

உங்கள் கணக்கு


மார்ச் 6, வெள்ளி, மாலை
வீடு

என் கணக்குப்பிள்ளைக்கு,

நான்கு. டப்பாவை இறக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் அட்டையைப் பிடித்து எண்ணினேன். நீ போகும்போது எத்தனை இருந்ததோ அத்தனையும் இருக்கிறது. எதற்காகக் கேட்டாய்? உனக்குத் தூக்கம் வரவில்லையா?

கொப்புளத்தை எல்லாம் சாட்சிக்குக் கூப்பிட்டால் எப்படி? காய்ச்சலில் மெதுவாக நடந்திருப்பாய். மெதுவாக நடந்தால் கொப்புளம் வராது. மாவு அந்தச் சத்திரத்து அடுப்படியிலிருந்து வந்திருக்கும். மூன்று பெண்கள் உனக்காக இத்தனை செய்திருக்கிறார்கள், நீ டிக்கின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாய்.

நிம்மதியாக இரு.

உன் சங்கிலிக்காரன்


மார்ச் 7, சனி, காலை
127-ஆம் கல்

நிலம் அளந்தவருக்கு,

நான்கு என்று எழுதியிருக்கிறீர்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எண்ணியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த அட்டை நேற்று உங்களுக்குக் கடிதம் எழுதும்போதே என் இடது கைக்குள் இருந்தது.

கொப்புளம் குத்த ஊசி வேண்டுமென்று தையல்காரியின் பையைத் திறந்தேன். ஊசிப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. நான்கில் இரண்டு இல்லை. பின்பக்கம் என் கையெழுத்து: "இறவில் மட்டும், ஒன்று." ர போடவேண்டிய இடத்தில் ற போட்டு நான் எழுதியது. ஆஸ்பத்திரியில் நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தீர்கள். "ராத்திரிக்கு எழுதச் சொன்னா என்னை இறக்கச் சொல்லி எழுதியிருக்கியே" என்றீர்கள். நானும் சிரித்தேன். நீங்கள் சிரித்த முதல் நாள் அது. அதனால்தான் அதைத் திருத்தாமல் விட்டேன். இந்த உலகத்தில் அப்படி ஓர் அட்டை ஒன்றுதான் இருக்கிறது.

நேற்றே உங்களிடம் சண்டை போட்டிருக்கலாம். எண்ணி எழுதச் சொன்னேன், ஏனென்றால் நீங்கள் ஒருவேளை அறியாதவராக இருக்கலாம், தையல்காரி நம் வீட்டுக்கு வந்தபோது தானாக எடுத்துப் போயிருக்கலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. டப்பாவில் இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் உங்கள் காலில் விழுந்திருப்பேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அட்டையைத் தையல்காரியின் முன்னால் வைத்தேன். அவள் மறைக்கவில்லை. "உன் நல்லதுக்குத்தானடி! உன் வீட்டுக்காரர்தான் கிளம்புறதுக்கு முந்தின நாள் இதைக் கையில கொடுத்தாரு. நடுவுல முடியாமப் போனா அவளுக்குத் தெரியாம வண்டியில ஏத்திடுங்க, தெரிஞ்சா இறங்கிடுவான்னாரு. ஒண்ணு போதலை, நீ முனகிட்டே இருந்தே. இன்னொண்ணைத் தண்ணியில கரைச்சேன்."

டீச்சர், "மனசுதான் முக்கியம். சாமிக்குத் தெரியாதா?" என்றார்.

"மனசு தூங்கிக்கிட்டு இருந்துச்சே டீச்சர்" என்றேன். அவர் நோட்டைப் பார்த்தார்.

ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில், மாவுச் சாக்கின்மேல் கிடத்தினார்களாம். வாய் திறந்திருந்ததாம், எச்சில் வழிந்ததாம். தையல்காரி தன் கைக்குட்டையால் துடைத்தாளாம். அதையும் ஒரு உபகாரமாகச் சொல்கிறாள். ஒரு மூட்டையை ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். அந்த மூட்டை விழித்து எழுந்து அவர்களுக்கு நன்றி சொல்லி அழுதது. அதை நினைத்தால் சத்திரத்துத் தலையணை, சாக்கு, நகம் எல்லாம் எனக்குச் சுத்தமாகத் தெரிகிறது.

கரண்டிதான் கடைசியில் வாய் திறந்தாள். "நான் ஏறமாட்டேன்னு சொல்லிட்டு நடந்தே வந்தேன். ஆனா உன்னை இறக்கிவிடுங்கன்னு சொல்லலை. அது என் தப்பு. பகல் பூரா அதைத்தான் மென்னுக்கிட்டு நடந்தேன்."

மற்ற இருவரும் இன்று மேலே போகிறார்கள். நானும் கரண்டியும் நாளைக் காலை 141-க்குத் திரும்பிப் போகிறோம். பஸ்ஸில்தான். திரும்பிப் போவது என் வேண்டுதலில் இல்லை, அதனால் அதற்கு நடக்கவேண்டியதில்லை. ரொட்டி வண்டியில் மட்டும் ஏறமாட்டேன்.

கணக்கு


மார்ச் 7, சனி, இரவு
வீடு

உனக்கு,

டப்பாவில் மாத்திரை இல்லை. எழுதியது பொய்.

சாக்குச் சொல்ல உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துவிட்டேன். உள்ளதை எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் நான் மயக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, என் தலைமாட்டில் நின்று நீ ஆண்டவனோடு பேரம் பேசினாய். "இவரைக் கொடு, நான் கல்லுக்குக் கல் நடந்து தீர்க்கிறேன்" என்றாய். எனக்குக் கேட்டது. வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன், குழாய் இருந்தது. அன்றிலிருந்து நான் மூச்சு விடும்போதெல்லாம் யாரோ விலை கொடுக்கப்போகிறார்கள் என்று இருக்கிறது. நீ என்னைக் கேட்டாயா? ஒரு வார்த்தை கேட்டாயா? என் பெயரைச் சாலையில் கல்லுக்குக் கல் சொல்லிக்கொண்டு போகிறாய். சலூன்காரன் முதல் எல்லோரும் என்னைப் பார்க்கிற பார்வையை நீ பார்த்ததில்லை. பெண்டாட்டி காலைத் தேய்த்து மிச்சம் பிடித்த ஆள் நான்.

உன் காலில் ரத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். உன் பிடிவாதமும் தெரியும். உனக்குத் தெரியாமல் கொஞ்சம் குறைத்துவிட்டால் யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன். உனக்குப் புள்ளி, எனக்கு நிம்மதி.

மாத்திரையைக் கொடுத்தது தப்பு. அதற்குமேல் நான்கு என்று எழுதியது அதைவிடத் தப்பு. அந்தக் கடிதத்தை மடிக்கும்போதே தெரிந்தது, நான் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

வந்துவிடு. அந்தப் பதினான்கு கல்லை விட்டுவிடு. எனக்காக நடக்க வேண்டாம். உன் ஆண்டவன் பெயரால் கேட்கிறேன்.

சங்கிலிக்காரன் என்று கையெழுத்துப் போடக் கூச்சமாக இருக்கிறது.


மார்ச் 8, ஞாயிறு, மாலை
127-ஆம் கல்

என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை வண்டிக்காரர் காலையில் பஸ் நிறுத்தத்தில் கொடுத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நீட்டினார். நானும் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கினேன். பஸ்ஸில் படித்தேன்.

உங்களைக் கேட்காமல் நேர்ந்துகொண்டேன் என்பது சரிதான். பதினெட்டு நாளில் நான் டாக்டரைக் கேட்டேன், நர்சைக் கேட்டேன், ஆண்டவனைக் கேட்டேன். உங்களைக் கேட்கவில்லை. உங்கள் பெயரை என் வாயில் போட்டுக்கொண்டு நடந்தேன், அது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. இது என் பக்கத்துப் பிசகு. இதை நான் ஆண்டவனிடம் சொல்லிக்கொள்வேன், உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

ஆனால் நான் உங்கள் உடம்பைத் தூங்கவைத்து எதையும் செய்யவில்லை. ஆறு வாரம் உங்கள் மாத்திரையெல்லாம் என் கையால் கொடுத்தேன். ஒவ்வொன்றும் என்ன, எதற்கு என்று நீங்கள் கேட்டு, நான் சொல்லி, அதற்குப் பிறகுதான் விழுங்கினீர்கள். அதே கை எழுதிய அட்டையிலிருந்து எனக்குக் கொடுக்கச் சொன்னீர்கள். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் தொண்டையில் அந்தக் கசப்பு வருகிறது. இரண்டு தடவை சாலையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். கரண்டி என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சல் இல்லை, இது வேறு என்று அவளுக்கே தெரிந்தது.

141-இல் இறங்கி மறுபடியும் கை வைத்துவிட்டு நடந்தோம். குத்திக்காட்டுவதற்காக அல்ல, உங்களுக்கு அளவு பிடிக்கும் என்பதால் எழுதுகிறேன்: கொப்புளம் இப்போது ஒன்பது. சேறு முழங்காலுக்கு ஒரு சாண் கீழே. 133-ஆம் கல் பாதி உடைந்து கிடக்கிறது, அதன்மேல் யாரோ வெற்று டப்பாக்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், ஈ மொய்க்கிறது. டீச்சர் நோட்டில் அதற்கும் அழகான டிக் போட்டிருக்கிறார். நான் டப்பாக்களை ஒதுக்கிவிட்டுக் கை வைத்தேன்.

பதினான்கிலும் கை வைத்தேன். ஒன்றிலும் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. முதல் கல்லில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. பிறகு நீங்கள் கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது, உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்வது திருட்டு என்று தோன்றியது. சும்மா நின்றேன். கை மட்டும் கல்லில் இருந்தது. ஆண்டவன் கேட்டாரா, எதைக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது.

டீச்சர் போட்ட டிக்குகளை அடித்துவிட்டேன். அதற்குப் பக்கத்தில் புள்ளி வைக்கவில்லை. பதினான்கு சின்ன வட்டம் போட்டு, நடுவைக் காலியாக விட்டிருக்கிறேன்.

நாளை 127-இலிருந்து மேலே நடக்கிறோம், நானும் கரண்டியும். அவள் தன் காலுறைகளை வெளியே கொடியில் காயப்போடுகிறாள், ஆனால் சாப்பிடும்போது சப்புக் கொட்டுகிறாள், சகிக்கவில்லை. மேற்கொண்டு உள்ள கற்களில் உங்கள் பெயரைச் சொல்வேனா என்று இப்போது எழுதமாட்டேன். அந்தந்தக் கல்லில் நின்று பார்த்துச் சொல்கிறேன்.

அந்தப் பதினான்கு வட்டமும் உங்களுடையவை. டாக்டர் உங்களை நடக்கச் சொல்லியிருக்கிறார். பஸ் 141-இல் நிற்கும், ஓட்டுநரிடம் சொன்னால் போதும். ஒரு நாளைக்கு ஒரு கல் என்றாலும் சரி, பத்து நாளைக்கு ஒரு கல் என்றாலும் சரி. என் பெயரைச் சொல்ல வேண்டாம், ஆண்டவனைக் கூப்பிட வேண்டாம், உங்கள் காலால் நடந்து, கையை வைத்துவிட்டு வந்து சொல்லுங்கள், ஒவ்வொன்றாக நிரப்புகிறேன். நிரப்பி முடிகிற வரைக்கும் மருந்தை நீங்களே எடுத்துச் சாப்பிடுங்கள். நான் கொடுக்கவும் மாட்டேன், நீங்கள் கொடுப்பதை வாங்கவும் மாட்டேன். அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு இருக்கிறது. எண்ணிக்கொள்ளுங்கள்.

நான் திரும்பி வருவதற்குள் நீங்கள் நடந்திருப்பீர்களா என்று கரண்டி கேட்டாள். நடந்திருப்பார் என்றும் சொல்லவில்லை, மாட்டார் என்றும் சொல்லவில்லை. கால் வைக்காத நிலத்துக்கு அளவு எழுதக்கூடாது. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தான்.

இப்படிக்கு,
127-ஆம் கல்லில் இருப்பவள்